கீழே வைக்கத் தெரிந்த கை

ஆயுத பூசையன்று தச்சுப் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பொட்டு வைத்து முடித்த பிறகே வருகிறார்கள். வாசலில் வாழைக்கன்று, உள்ளே சந்தன வாசனை, பொரிகடலை, திருஷ்டி கழிக்கக் காத்திருக்கும் பூசணிக்காய். அதற்கு முந்தைய அரை நாளில் நடப்பதை யாரும் பூசையில் சேர்ப்பதில்லை. இழைப்புளியின் ஆப்பைத் தட்டித் தளர்த்தி அலகை உருவுகிறார்கள். வாய்க்குள் அடைந்த சீவலைக் குச்சியால் நெம்பி ஊதுகிறார்கள். ரம்பத்தின் பல்லில் ஏறிய பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கிறார்கள். சாக்குப் பையின் அடியில், ஜன்னல் திட்டில், மேசைக்குக் கீழே மரத்தூளுக்குள் என்று எங்கெங்கோ கிடந்ததெல்லாம் வெளியே வருகிறது. தொலைந்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கிய அரை அங்குல உளியின் பழைய உருப்படியும் கூடவே வந்து நிற்கும். உளிகள் அகலவாரியாக, பக்கத்தில் கொட்டாப்புளி, சுத்தியல், மூலைமட்டம், தூக்குக்குண்டு, கவராயம், அரம் என எல்லாம் ஒரு பலகையில் வரிசை கட்டுகின்றன. அதன்பின் விஜயதசமியன்று புனர்பூசை ஆகும்வரை ஒன்றையும் தொடக் கூடாது. ஒரு தச்சருடைய கருவிகள் அனைத்தும் ஒரே இடத்தில், ஒரே வேளையில், எந்த வேலையிலும் ஈடுபடாமல் கண்ணில் படுவது வருடத்தில் அந்த ஒரு நாள்தான்.

தென்காசி, இலஞ்சி, மேலகரம், செங்கோட்டைப் பக்கம் பட்டறை என்பது ரொம்ப காலமாக வீட்டோடு சேர்ந்த இடம். பின்கட்டிலோ, ஓலை இறக்கிய தாழ்வாரத்திலோ வேலை நடக்கும். இப்போது தச்சுத் தொழில் செய்யாதவர்களும் ஓய்வுநேர ஆர்வத்தில் மாடிப்படிக்கு அடியிலும் கார் நிறுத்தும் இடத்திலும் சின்னதாகப் பட்டறை போடுகிறார்கள். இவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் கேள்வி, வாங்கியதையெல்லாம் எங்கே வைப்பது என்பது. சுவரில் பலகை அடிப்பதா, இழுப்பறை வைத்த அலமாரியா, சக்கரம் வைத்த பெட்டியா? பார்வைக்கு வீட்டு நிர்வாகக் கேள்வி. ஆனால் இதற்கு அடியில் சைவ சித்தாந்தம் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த ஒரு கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன்: கருவிக்கும் அதைப் பிடித்திருப்பவனுக்கும் என்ன உறவு? கருவியைக் கையிலிருந்து பிரித்து அதற்கென்று ஓர் இடத்தில் வைப்பது அந்தக் கேள்விக்கு உடம்பால் சொல்லும் பதில் என்பது என் கட்சி. ஆயுத பூசையின் உயிர்நாடி கருவிக்குப் பொட்டு வைப்பதைவிட, அதைக் கீழே வைப்பதில்தான் இருக்கிறது.

முதலில் கருவி கையில் இருக்கும்போது என்ன ஆகிறது என்று பார்க்கலாம். ஜெர்மானியத் தத்துவஞானி மார்ட்டின் ஹைடெக்கர் 1927-ல் வெளியிட்ட ‘இருத்தலும் காலமும்’ நூலில் சுத்தியலை உதாரணம் காட்டி இதைப் பேசினார். ஆணி அடித்துக்கொண்டிருப்பவனுக்குச் சுத்தியல் தெரிவதில்லை. அவனுக்கு ஆணி தெரிகிறது, பலகை தெரிகிறது, முடிக்க வேண்டிய வேலை தெரிகிறது. சுத்தியல் கையோடு கையாகக் கரைந்துவிடுகிறது. அது கண்ணுக்குத் தெரிவது மூன்று சமயங்களில்: உடைந்தால், தேடும்போது கிடைக்காவிட்டால், வேறு வேலைக்கு இடைஞ்சலாகக் குறுக்கே கிடந்தால். இது உண்மை என்பதைப் பிடி கழன்ற உளியை வைத்துக்கொண்டு திட்டிய எவரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் ஹைடெக்கர் சொன்ன மூன்றுமே ஏதோ ஒரு கோளாறு நேர்ந்த நிலைமைகள். கோளாறு எதுவும் இல்லாமல், நல்ல நிலையில் இருக்கும் கருவியை வேண்டுமென்றே கையிலிருந்து இறக்கி, எதிரே வைத்து, அதைக் கருவி என்றே பார்ப்பதற்கு அவரிடம் வழியில்லை. நம்மிடம் இருக்கிறது, காலண்டரில் சிவப்பு எழுத்தில் அச்சடித்து விடுமுறையும் விடுகிறோம்.

சித்தாந்தம் இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. உலகம் எப்படி உண்டாயிற்று என்பதை விளக்க மெய்கண்டார் மரபினர் குடத்தைக் காட்டுவார்கள். மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகத்துக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்தகாரணம். இந்த உவமையை ஆயிரம் முறை கேட்டுப் பழகிவிட்டதால் அதில் கருவியின் இருக்கை எவ்வளவு உயரமானது என்பதை நாம் கவனிப்பதில்லை. குயவனின் தண்டு நிற்கும் வரிசையில் அம்பிகை நிற்கிறாள். நவராத்திரியின் ஒன்பதாம் நாள் கருவிக்கு உரியதானதற்கு வேறு காரணங்கள் சொல்லப்படலாம். சித்தாந்தம் படித்தவருக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. ஆனால் உவமையை முழுக்க நம்பி இறங்கினால் ஒரு வேறுபாடு இடறும். சிவனும் சத்தியும் பிரிக்க முடியாதவர்கள். நெருப்பும் சூடும் போல ஒன்றி நிற்பதைத் தாதான்மியம் என்பார்கள். தச்சரும் உளியும் அப்படி இல்லை. உளி கடையில் வாங்கியது, இரவல் போவது, மழுங்குவது, மகன் கைக்கோ அயலார் கைக்கோ மாறுவது. ஆண்டவனுக்குக் கருவிப் பலகை தேவையில்லை. அவனுடைய கருவி அவனைவிட்டு இறங்குவதே கிடையாது. நமக்குத் தேவை. கருவியும் தானும் ஒன்று என்று நடந்துகொள்கிற மனிதன் தெய்வத்துக்கு மட்டுமே உள்ள ஓர் உறவைத் தனக்குக் கோருகிறான்.

மனிதனுக்குக் கருவிகள் வந்த விதம் பற்றியும் அதே மரபு பேசுகிறது. தனு, கரணம், புவனம், போகம் என்று நான்கு தரப்படுகின்றன: உடம்பு, கருவிகள், உலகம், அனுபவம். இங்கே கரணம் என்பதில் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் எல்லாம் அடக்கம். அதாவது நினைக்கிற மனமே ஒரு கருவி. உயிர் அதை எடுத்தாள்கிறது. ஆனால் உயிருக்கு ஒரு பலவீனம் உண்டு. எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும். கருவியோடு கலந்து கலந்து, கடைசியில் கருவியையே ‘நான்’ என்று நினைத்துக்கொள்ளும். இதிலிருந்து மீள்வதற்கான படிகளைத் தசகாரியம் என்று வகுத்தார்கள். அவற்றில் முதல் மூன்று, தத்துவ ரூபம், தத்துவ தரிசனம், தத்துவ சுத்தி. 36 தத்துவங்களையும் இன்னது இன்னது என்று எடுத்து வைத்து அறிவது ரூபம். அவை சடம், தாமாக அறியாதவை, நான் அல்ல என்று காண்பது தரிசனம். திருவருளால் அவற்றிலிருந்து நீங்கி நிற்பது சுத்தி. ஆயுத பூசைக்கு முந்தைய அரை நாளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து இது முக்கால் அங்குலம், இது கால் அங்குலம் என்று வரிசைப்படுத்துவது, இவை நம் கைத்திறமை அல்ல என்று எதிரே வைத்துப் பார்ப்பது, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விலகி நிற்பது. ஞானிகள் 36-ஐ வைத்துச் செய்ததைப் பட்டறைக்காரர் கைவசம் உள்ள சொற்பக் கருவிகளை வைத்துச் செய்கிறார். அவர் சாத்திரம் படித்திருக்க வேண்டியதில்லை.

வருடத்துக்கு ஒரு நாள் செய்வது சடங்கு. அதையே ஒவ்வொரு மாலையும் செய்தால் அதுதான் கருவிகளை ஒழுங்காக வைப்பது. சுவரில் மாட்டிய ஒட்டுப்பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் கோடிழுத்து வரைந்து, அந்தந்த உருவத்தின் மேல் அந்தந்தக் கருவியைத் தொங்கவிடும் முறை ஒன்று உண்டு. விமானப் பராமரிப்புக் கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் பரவியது. எஞ்சினுக்குள் ஒரு ஸ்பேனரை மறந்துவிட்டு மூடினால் என்ன ஆகும் என்ற பயம் அதற்குக் காரணம். இந்தப் பலகையின் சிறப்பு, இருக்கும் கருவியைவிட இல்லாத கருவியைக் காட்டுவது. எடுத்துப் போன உளி காலியான உருவமாகத் தன் இடத்திலிருந்து நம்மைப் பார்க்கும். நம் பழைய தருக்கவாதிகள் இதை ஒரு பெரிய பிரச்சினையாகவே பேசியிருக்கிறார்கள். தரையில் குடம் இல்லை என்று தெரிகிறதே, இல்லாததை எப்படிக் காண முடியும்? கண்ணே அதைக் காண்கிறது என்றது நியாய மதம். காணாமை என்பது தனி அளவை என்றார்கள் மீமாம்சகரில் பாட்டர்களும் வேதாந்திகளும். சண்டை எப்படித் தீர்ந்தாலும் இரு தரப்புக்கும் பொதுவான ஒன்று உண்டு: ‘இங்கே’ என்று ஓர் இடம் இருந்தால்தான் ‘இல்லை’ என்ற அறிவு பிறக்கும். சாக்குப் பையில் குவியலாகக் கிடப்பதில் எது இல்லை என்று யாருக்கும் தெரியாது. இடம் கொடுத்த பிறகே ஒரு பொருளின் இன்மை அறிவாகிறது. தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை, எது இரவல் போயிருக்கிறது என்று அறியாதவனிடம் கருவிகள் இருக்கின்றன என்று சொல்வதைவிட, அவன்தான் கருவிகளுக்கு நடுவே கிடக்கிறான் என்று சொல்லலாம்.

இடம் என்பதன் கனத்தைக் குற்றாலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. குற்றாலநாதர் கோயிலின் தலவிருட்சம் குறும்பலா. சம்பந்தர் அந்தப் பலாவுக்கென்றே தனிப் பதிகம் பாடியிருக்கிறார். கோயிலுக்குள் அது வலம்வந்து கும்பிடும் மரம். அதே பலா இனம் பட்டறைக்கு வந்தால் மிருதங்கத்துக்குக் கட்டையாகும், நிலைக்கதவாகும். மஞ்சள் நிறத்துக்காகத் தேடி வாங்குவார்கள். எந்த ஆசாரியும் இதில் முரண்பாடு கண்டு திணறியதில்லை. சிவன் ஆடும் ஐந்து சபைகளில் ஒன்றான குற்றாலத்துச் சித்திர சபையில் நடராசர் உலோகத் திருமேனியாக இல்லாமல் சுவரோவியமாக நிற்கிறார். எங்கும் நடக்கிற கூத்துக்கு ஐந்து ஊர்களில் ஐந்து இடம் கொடுத்து, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தன்மை வைத்த மரபு இது. வீட்டுப் பூசையிலும் இடம் முடிவுரையாக வரும். ஆவாகனம் செய்த தெய்வத்தைப் பூசை முடிந்ததும் யதாஸ்தானத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். அதற்கு அடையாளமாகப் படத்தையோ கலசத்தையோ வடக்கே சற்று நகர்த்துவார்கள். அழைத்ததை அதன் இருப்பிடத்துக்குத் திருப்பி அனுப்பும்வரை பூசை முடிந்ததாகாது. வேலை முடிந்து இழைப்புளியைத் தட்டில் ஏற்றுவதும் அந்த நகர்த்தலின் வகையைச் சேர்ந்ததே.

இதற்கு முதல் மறுப்பு எளிதில் ஊகிக்கக் கூடியது. உளியைக் கொக்கியில் மாட்டுவது தேடாமல் கிடைப்பதற்காக, துருப்பிடிக்காமல் இருப்பதற்காக, குழந்தை காலை வெட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. இதில் சிவமும் சத்தியும் எங்கே வந்தார்கள்? தென்காசி வட்டாரத்தில் இந்த மறுப்புக்குப் பலம் அதிகம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜூனில் காற்று உள்ளே வந்தால் ஆகஸ்ட் வரை சாரல். ஊருக்கெல்லாம் அது சீசன். பட்டறைக்கு அது துருக்காலம். எண்ணெய்த் துணி படாத உளியில் செம்புள்ளி விழும். மர உடம்புள்ள இழைப்புளி ஈரம் குடித்து ஊதி, ஆப்பு இறுகி, அலகை அசைக்க முடியாமல் போகும். அப்புறம் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. இரண்டு மழைக்கும் நடுவில் கிடைக்கும் காய்ச்சலில் ஆயுத பூசை வருகிறது. கருவிகளைத் துடைத்து எண்ணெய் போட இதைவிட வசதியான வாரம் கிடையாது. தமிழ்நாடு முழுக்கவும் அதே நாளில் பூசை நடப்பதால், குற்றாலச் சாரலைப் பார்த்து யாரும் அந்தத் தேதியைக் குறிக்கவில்லை என்பது தெளிவு. ஆனாலும் பொருந்துகிறது. பொருந்துவதால் பூசையை வெறும் பராமரிப்பு என்று ஒதுக்கிவிடலாமா? பராமரிப்பு மட்டும் நோக்கமானால் துடைத்து எண்ணெய் போட்டதும் மறுபடி எடுத்து வேலை செய்யலாம். தொடக் கூடாது என்ற தடைக்கு எந்த உலோகவியலும் காரணம் சொல்லாது. கால் தவறிக் கருவி மேல் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பழக்கத்துக்கும் வசதிக்கும் சம்பந்தமில்லை. வசதி ஒரு செயலின் காரணங்களில் ஒன்றாக இருக்கலாம். ஒரே காரணமாக இருக்க வேண்டும் என்று விதியில்லை. வினைசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர் எண்ணிப் பார்க்கச் சொல்லும் ஐந்தில் கருவியும் இடமும் உண்டு. அது காரியம் கைகூடுவதற்கான யோசனைதான். அதைச் சொல்லும் நூலை அறநூல் என்று நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இது நம் மரபுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஷேக்கர்கள் என்றொரு கிறித்தவக் குழு இருந்தது. 1774-ல் ஆன் லீ என்ற பெண்ணின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து போனவர்கள். தனிச்சொத்தும் திருமணமும் வேண்டாம் என்று வாழ்ந்தவர்கள். அறையின் சுவர் முழுக்க மரமுளைகள் வரிசையாக அடித்து, விளக்குமாறு முதல் நாற்காலி வரை எல்லாவற்றையும் அதில் மாட்டிவிடுவார்கள். அவர்கள் செய்த மரச்சாமான்களை இன்றும் உலகம் தேடுகிறது. பூசை, பொட்டு, சத்தி எதுவும் இல்லாத அவர்களிடமும் பொருளைத் தன் இடத்தில் மாட்டுவதும் பொருள் என்னுடையதல்ல என்பதும் கைகோத்தே வந்தன. இதைத் தற்செயல் என்று நான் எண்ணவில்லை. பொதுக் கருவி என்றால் அடுத்த கை ஒன்று எப்போதும் காத்திருக்கிறது. அந்தக் கை தேடாமல் எடுக்கும்படி வைப்பதே ஒழுங்கு.

இரண்டாவது மறுப்பு வறுமைப் பக்கத்திலிருந்து வருகிறது, இதை மதிக்க வேண்டும். சுவர் உள்ளவனுக்குத்தானே பலகை? வீடுவீடாகப் போய் வேலை செய்த ஆசாரியின் பட்டறை அவர் தோளில் தொங்கிய சாக்குப் பை. அவர் கருவிகளை மதிக்கவில்லை என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் அந்தப் பைக்குள் ஒரு முறை இருந்தது. உளிகளின் முனை துணியில் சுற்றியிருக்கும். கனமான சுத்தியல் அடியில், மூலைமட்டம் ஓரத்தில் நிமிர்ந்து. வேலை செய்யும் வீட்டில் இழைப்புளியைக் கீழே வைக்கும்போது நட்டமாக வைக்க மாட்டார். பக்கவாட்டில் சாய்த்து வைப்பார், அலகு தரையைத் தொடாது. சுவர் தேவைப்படாத ஒழுங்கு இது. இடம் என்பதற்கு ஆணியும் பலகையும் அவசியமில்லை. கை எடுத்ததும் கருவி என்ன ஆகிறது என்ற பொறுப்பு இருந்தால் தரையும் இடமாகும். சொல்லப் போனால், ஆயிரக்கணக்கில் செலவழித்து அலமாரி செய்துவிட்டு வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் மேசையிலேயே போட்டுவிட்டுப் போகிற ஞாயிற்றுக்கிழமைத் தச்சரைவிட இந்தச் சாக்குப்பைக்காரர் கருவியைக் கீழே வைக்கத் தெரிந்தவர்.

மூன்றாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து, பற்று பற்றியது. இதுதான் எனக்குக் கடினமாகத் தெரிகிறது. கருவியைத் துடைத்து, அழகாக மாட்டி, விளக்குப் போட்டுப் பார்ப்பது எந்தக் கட்டத்தில் பற்றாக மாறுகிறது? மாசசூசெட்ஸில் பியானோ செய்யும் வேலையில் இருந்த எச். ஓ. ஸ்டட்லி (1838–1925) தன் கருவிகளுக்கு ஒரு சுவர்ப்பெட்டி செய்தார். மகோகனியும் கருங்காலியும் தந்தமும் முத்துச்சிப்பியும் பதித்த அந்தப் பெட்டிக்குள் ஏறக்குறைய 300 கருவிகள், ஒன்றின் மேல் ஒன்று மடிந்து திறக்கும் தட்டுகளில், இம்மி இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. உலகெங்கும் மரவேலை ஆர்வலர்கள் அதன் படத்தைக் கண்ணில் ஒற்றாத குறையாகப் பார்க்கிறார்கள். இது பூசையா, பொருளாசையா? இதற்கு விடை தேட அப்பரிடம் போகலாம். சிவன் கோயில்களில் அறுபத்து மூவர் வரிசையில் தோளில் உழவாரம் சார்த்தி நிற்பவர் அவர். கோயில் வெளியில் புல் செதுக்கும் கருவி அது. திருப்புகலூரில் அவர் திருப்பணி செய்யும் இடத்தில் பொன்னும் மணியும் கிடக்கும்படி இறைவன் செய்தான் என்றும், அவர் அவற்றைப் புல்லோடு புல்லாக உழவாரத்தாலேயே ஏந்திக் குளத்தில் எறிந்தார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. பொன்னை எறிந்தவர் உழவாரத்தை எறியவில்லை. இந்தக் கதையில் துறவைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு உழவாரம் தெரிகிறது. முற்றும் துறந்தவர் கையிலும் ஒரு கருவி மிஞ்சலாம் என்று மரபு ஒப்புக்கொண்டிருக்கிறது. பொன் வைத்திருப்பவனுக்காக இருப்பது. உழவாரம் புல்லுக்காக இருப்பது, அதன் முகம் வேலையைப் பார்த்து இருக்கிறது. அப்படியானால் பற்றை அளக்க ஓர் அளவுகோல் கிடைக்கிறது. சுவரில் மாட்டிய உளி வேலையைப் பார்த்து இருக்கிறதா, விருந்தாளியைப் பார்த்து இருக்கிறதா? ஸ்டட்லி அந்தக் கருவிகளை வைத்துப் பியானோ செய்தவர் என்பதால் அவருக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்கலாம். உறை பிரிக்காத இழைப்புளிகளை வரிசையாக அடுக்கி வைப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. சித்தாந்தத்தின்படி கரணங்கள் தரப்பட்டதே வினையை அனுபவித்துக் கழிக்க. கழிக்காமல் சேர்த்து வைத்தால் அது இன்னொரு வினை.

இன்னொரு மறுப்பு உண்டு. அதைத் தவிர்த்துவிட்டு இந்தப் பேச்சைத் தொடர்வது நாணயமாகாது. கருவிக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்ட சமூகம் அந்தக் கருவியைப் பிடித்த கையை எப்படி நடத்தியது? கொங்கு நாட்டில் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டு ஒன்று கைவினைஞர்களான கம்மாளர்களுக்குச் சில உரிமைகளை வழங்குகிறது: நல்லது கெட்டதுகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். அரசன் ஆணையிட்டுக் கல்லில் வெட்டித் தர வேண்டிய அளவுக்கு அதுவரை அவை மறுக்கப்பட்டிருந்தன. பிறர் மாளிகைக்குச் சுவர் எழுப்பியவர் தம் சுவருக்குச் சாந்து பூச அனுமதி வாங்கினார். மனு இரும்புக்கும் மயன் மரத்துக்கும் துவஷ்டா செம்புக்கும் சிற்பி கல்லுக்கும் விசுவக்ஞன் பொன்னுக்கும் என விசுவகர்மாவின் ஐந்து வழிகளைச் சொல்லித் தங்கள் பெருமையை அவர்களே காத்துக்கொண்டதற்கு இந்த அவமதிப்பும் ஒரு காரணமாக இருக்கும். ஆகவே ‘இடம்’ என்ற சொல்லை எடுக்கும்போது எச்சரிக்கை வேண்டும். கருவிக்கு இடம் குறிப்பது ஒன்று, மனிதனுக்கு இடம் குறிப்பது வேறு. உளிக்கு விருப்பம் கிடையாது. அதை அதன் கொக்கியில் மாட்டலாம். மனிதனை அவன் ‘இடத்தில்’ மாட்டியது சித்தாந்தப்படியே பிழை, ஏனென்றால் உயிர் யாருடைய கருவியும் அல்ல என்பதுதான் அதன் முதல் பாடம். பூசைக்கு எதிரான வாதமாக இந்த மறுப்பு முழுமை பெறாவிட்டாலும், பூசையை வைத்துப் பெருமை பேசுவதற்கு எதிரான வாதமாக நிற்கிறது.

தென்காசியில் வேறொரு குரலும் கல்லில் இருக்கிறது. தென்காசிக் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இந்தத் திருப்பணியில் குறை நேர்ந்தால் அதைச் சரிசெய்து காக்கப்போகிறவர் யாராக இருந்தாலும் அவர்கள் காலில் தான் விழுந்து வணங்குவதாகக் கல்வெட்டில் சொல்லியிருக்கிறான். கட்டியவன் பராமரிப்பவனை வணங்குகிறான். கோபுரம் பின்னால் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்று, 1990-ல் ஏறத்தாழ 180 அடி உயரத்துக்கு மறுபடி எழுந்து குடமுழுக்குக் கண்டபோது அந்த வணக்கம் போய்ச் சேர வேண்டியவர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஆக்குவதைவிடக் காப்பதை ஒரு படி மேலே வைத்த அரசன் அவன். பட்டறையில் நாற்காலி செய்வது ஆக்கம், சாணைக்கல்லில் உளியைத் தீட்டித் துடைத்து மாட்டுவது காப்பு. முதலாவதுக்குத்தான் எல்லாரும் படம் எடுத்துப் போடுகிறார்கள்.

பூசையே செய்யாதவர்களின் பட்டறை? தென்காசியிலும் கடையநல்லூரிலும் முஸ்லிம்கள் கணிசமாக இருக்கிறார்கள். மரவேலை எந்தச் சமயத்துக்கும் தனியுரிமை இல்லை. நபி ஸக்கரியா தச்சர் என்கிறது ஹதீஸ். ஏசுவைத் தச்சன் என்று அழைக்கிறது மாற்கு நற்செய்தி. ஒரு முஸ்லிம் உளிக்குப் பொட்டு வைக்க மாட்டார், வைக்கச் சொல்வதும் முறையல்ல. ஆனால் அமானிதம் என்று அவர்களிடம் ஒரு சொல் புழங்குகிறது: நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது, காத்துத் திருப்பித் தர வேண்டியது. செல்வத்துக்கும் உடம்புக்கும் அதைச் சொல்வார்கள், உளிக்கும் சொல்லலாம். சத்தி என்று கும்பிட்டாலும் அமானிதம் என்று காத்தாலும் மாலையில் கை செய்கிற காரியம் ஒன்றாகவே இருக்கிறது. கருவி சடம் என்பதால் அதை வணங்குவது மூடத்தனம் என்று சொல்லும் பகுத்தறிவாளருக்கும் இதில் சேதமில்லை. சடம் என்று தெளிவாகப் பார்ப்பதே தத்துவ தரிசனம் என்றுதானே சித்தாந்தமும் சொல்லிற்று.

எனக்கு விடை கிடைக்காத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பழைய கருவிக்குக் கடைசிவரை இடம் இருந்தது. தேய்ந்த அரம் கொல்லரிடம் போய் உளியாகும். முறிந்த ரம்பத்தின் தகடு மேற்பரப்பைச் சுரண்டி வழவழப்பாக்கும் தகடாகும். உளியே தீட்டித் தீட்டிக் குட்டையானால் குடைவு வேலைக்கு ஒதுங்கும். அதற்கும் ஆகாவிட்டால் பழைய இரும்பு வண்டி வரும். ஜப்பானில் முறிந்த ஊசிகளைத் தோஃபுக் கட்டியில் செருகி வழியனுப்ப ஒரு நாளே வைத்திருக்கிறார்கள். இப்போது வீட்டுப் பட்டறைகளில் பாதிக்கு மேல் இடம் பிடித்திருப்பவை பேட்டரி டிரில், பேட்டரி கட்டர். சில வருடத்தில் பேட்டரி செத்துவிடும். அந்த மாடலுக்குப் புது பேட்டரி வருவதில்லை. நல்ல மோட்டாரும் நல்ல பிடியும் இருந்தும் அது எதுவாகவும் மாறாது. லித்தியம் என்பதால் குப்பையில் போடக் கூடாது, இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுக்க மாட்டார். ஆயுத பூசையன்று துடைக்கும்போது அலமாரியின் அடித்தட்டிலிருந்து அதுவும் வெளியே வருகிறது. பழக்கத்தில் அதற்கும் ஒரு பொட்டு வைத்து வரிசையில் வைக்கிறார்கள். மறுநாள் புனர்பூசை முடிந்ததும் யாரும் எடுக்காததால் திரும்ப அதே அடித்தட்டுக்குப் போகிறது. அதை யதாஸ்தானம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேட்டரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பொறுப்பைத் தயாரித்தவர்கள் மேல் சுமத்தும் சட்டம் நாட்டில் இருக்கிறது. தென்காசி பஜாரில் எந்தக் கவுண்டரில் அதைக் கொடுப்பது என்று ஒருவர் கேட்டால் கடைக்காரர் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.